பாலைவனத்துக்கு ஒரு முடி வைத்தியம்!

லாஸ் வேகாஸுக்குப் போகிறவர்கள் சூதாடப் போவார்கள். நான் செடி பார்க்கப் போனேன்.

ஆபீஸில் ஒருத்தர்கூட இதை நம்பவில்லை. "ஸ்லாட் மெஷின்ல எவ்வளவு ஸார் விட்டீங்க?" என்று டெஸ்பாட்ச் செக்ஷன் பையன் இன்னமும் கேட்டுக்கொண்டிருக்கிறான். சத்தியமாக ஒரு டாலர்கூட விடவில்லை. விட்டது ஒரு ஜோடி கான்வாஸ் ஷூதான். அதுவும் சூதாட்ட மேஜையில் இல்லை, ஒரு கள்ளிச் செடியிடம். அதன் பெயர் சோயா. நாம் சாப்பிடுகிற சோயா இல்லை ஸார், நம்மைச் சாப்பிடுகிற சோயா. பக்கத்தில் போனாலே ஒரு துண்டு பிய்த்துக்கொண்டு நம்மோடு புறப்பட்டு வந்துவிடுகிறது.

போகட்டும். விஷயத்துக்கு வருகிறேன்.

கலிஃபோர்னியாவும் நெவாடாவும் தொட்டுக்கொள்கிற ஒரு மூலையில், மொஹாவி பாலைவனத்தில், காஸில் மவுண்டன்ஸ் என்று ஒரு சின்ன மலைத்தொடர் இருக்கிறது. 1990களின் ஆரம்பத்தில் அங்கே ஒரு தங்கச் சுரங்கம் திறந்தார்கள். 2001ல் தோண்டுவதை நிறுத்தினார்கள். நிறுத்திவிட்டுப் பூட்டைப் போட்டுக்கொண்டு போய்விட முடியாது. தோண்டியவனே மண்ணைச் சரிசெய்து, செடி கொடியைத் திரும்ப வைத்துவிட்டுப் போகவேண்டும் என்று கலிஃபோர்னியாவில் 1975லேயே சட்டம் இருக்கிறது. அதற்கான திட்டத்தைத் தோண்டுவதற்கு முன்னாலேயே எழுதிக் கொடுக்கவேண்டும். செலவுக்கு உத்தரவாதமும் கட்டவேண்டும். வீட்டைக் காலி பண்ணும்போது சுவரில் ஆணி அடித்த ஓட்டைக்கெல்லாம் அட்வான்ஸில் பிடித்துக்கொள்கிற ஹவுஸ் ஓனர் மாதிரி.

எனக்குப் புரியாதது ஒன்றுதான். பாலைவனத்தில் அப்படி என்ன இருந்தது, திருப்பி வைக்க? வழுக்கைத் தலைக்காரர் முடி வெட்டிக்கொண்டு வந்து, "பழையபடி வளர்த்துக் கொடு" என்று கேட்கலாமா?

லாஸ் வேகாஸில் கம்ப்யூட்டர் உத்தியோகத்தில் இருக்கும் என் அக்கா பையன் ரகுவிடம் இதைக் கேட்டேன்.

"அங்கே பார்க்க ஒண்ணுமே இல்லை மாமா."

"அந்த ஒண்ணுமே இல்லாததைத்தாண்டா பார்க்கணும்."

"பெட்ரோல் நீங்கதானே போடறீங்க?"

இப்படியாக 2024 நவம்பரில் ஒரு சனிக்கிழமை காலை புறப்பட்டோம்.

* * *

லாஸ் வேகாஸிலிருந்து தெற்கே ஒரு மணி நேரம் காரில் போனால் ஸெர்ச்லைட் என்று ஊர் வருகிறது. அதுவும் தங்கத்துக்காகப் பிறந்த ஊர்தான். அங்கே மேற்கே திரும்பிச் சில மைல் போனதும் வாக்கிங் பாக்ஸ் ராஞ்ச் ரோடு என்று ஒரு மண் சாலை. கிளாரா போ என்று ஊமைப் படக் காலத்தில் கொடிகட்டிப் பறந்த ஹாலிவுட் நட்சத்திரம், தன் நடிகக் கணவருடன் 1930களில் வந்து குடியிருந்த பண்ணை அது. புகழ் பிடிக்காமல் ஓடி ஒளிய வந்தார்களாம். இடத்தைப் பார்த்தால் நம்பலாம். இங்கே வந்து ஆட்டோகிராஃப் கேட்க ஆந்தைதான் வரவேண்டும்.

வழியெல்லாம் ஜோஷுவா மரங்கள். கற்றாழைக்கு உறவுக்காரன், ஆனால் மரம் மாதிரி ஆள் உயரத்துக்கும் மேலே நிற்கிறது. கிளைகளைக் கன்னாபின்னாவென்று முறுக்கிக்கொண்டு, ஒவ்வொரு கிளை நுனியிலும் ஒரு கத்திக் கொத்து. விக்கிரமாதித்தன் பார்த்திருந்தால் முருங்கை மரத்தை விட்டுவிட்டு வேதாளத்தை இங்கே தேடியிருப்பான். வளர்கிற வேகம் வருஷத்துக்கு ஏறக்குறைய மூன்று சென்டிமீட்டர். என் உயரத்துக்கு வர ஐம்பது வருஷத்துக்கு மேலே!

"ஒண்ணுமே இல்லை" என்று ரகு சொன்ன இடத்தில் இறங்கி நின்று கீழே பார்த்தேன். ஓரடிக்கு ஓரடி ஏதாவது இருந்தது. மஞ்சள் புல், சின்னச் சின்னப் புதர், கல்லுக்குப் பக்கத்தில் விரல் நுழைகிற வளை, அதன் வாசலில் விதைத் தோல். மண்ணின் மேலே கறுப்பாக, முறுகலான தோசை விளிம்பு மாதிரி ஒரு பொருக்கு. அதை மிதிக்காமல் நடக்கப் பழகவேண்டும். அது வெறும் அழுக்கு இல்லை, உயிர். நீலப்பச்சைப் பாசியும் பூஞ்சையும் லிச்சனும் சேர்ந்து மண்ணைப் பிடித்து வைத்திருக்கிற தோல். காற்றில் மண் பறக்காமல் காப்பதும், காற்றிலிருந்து நைட்ரஜன் எடுத்து மண்ணுக்கு உரம் போடுவதும் அதுதான். ஒரு தடவை டயர் ஏறிப் பொடியானால், திரும்பப் படிய பல பத்து வருஷம் ஆகும். சில இடத்தில் நூற்றாண்டு.

கதை விடுகிறேன் என்று நினைக்கவேண்டாம். இரண்டாம் உலகப் போரின்போது ஜெனரல் பேட்டன் தன் டாங்கிப் படைக்கு இந்தப் பாலைவனத்தில்தான் பயிற்சி முகாம் தொடங்கினார். 1942லிருந்து 1944 வரை நடந்தது. அந்த டாங்கிகளின் சக்கரத் தடம் எண்பது வருஷம் கழித்தும் சில இடங்களில் அப்படியே இருக்கிறது. பேட்டனும் போய்விட்டார், போரும் போய்விட்டது. தடம் போகவில்லை.

* * *

மண் சாலையில் குலுங்கிக் குலுங்கிப் போய்ச் சேர்ந்த இடம் ஹார்ட். இது ஒரு ஊர். அதாவது ஊராக இருந்தது. 1907 டிசம்பரில் இங்கே தங்கம் கண்டுபிடித்தார்கள். 1908ல் ஓட்டல், சாராயக் கடை, பத்திரிகை எல்லாம் வந்துவிட்டது. சில வருஷத்தில் தங்கம் கையைக் கடித்தது. ஜனங்கள் மூட்டை கட்டிவிட்டார்கள். ஒரு செங்கல் புகைபோக்கி மட்டும் தனியாக நிற்கிறது, பந்தி முடிந்தது தெரியாமல் இலை முன்னால் உட்கார்ந்திருக்கும் விருந்தாளி மாதிரி.

அதற்கப்பால் தெரிகிற மலைதான் நாம் தேடி வந்த சுரங்கம். உள்ளே போக அனுமதி கிடையாது. வெளியே நின்று பார்த்தாலே போதும். சுற்றியுள்ள குன்றெல்லாம் இயற்கையாகக் கோணல்மாணலாக இருக்க, நடுவில் சில குன்றுகள் மட்டும் படி படியாக, ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி. ஆள் கை பட்ட குன்றைக் கண்டுபிடிக்க எஞ்சினீயர் தேவையில்லை.

இங்கே தங்கம் எடுக்கிற முறையைக் கொஞ்சம் சொல்லியாகவேண்டும். பாறையில் மின்னுகிற தங்கக் கட்டி என்பதெல்லாம் சினிமாவில்தான். இங்கே தங்கம் கண்ணுக்கே தெரியாது. மலையை வெடி வைத்து உடைத்து, கீழே கசியாத விரிப்புப் போட்டு, அதன்மேல் கல்லை மலைபோலக் குவித்து, மேலேயிருந்து சயனைடு கலந்த தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விடுவார்கள். அது கல்லுக்குள் இறங்கித் தங்கத்தைக் கரைத்துக்கொண்டு கீழே வரும். ஃபில்டர் காபிதான் ஸார். மலைதான் காபிப் பொடி, டிகாக்‌ஷனில் தங்கம். குடித்தால் மட்டும் ஆள் காலி.

அந்த டிகாக்‌ஷன் குளங்களில் தண்ணீர் என்று நம்பி இறங்கிய பறவைகள் 1980களில் அமெரிக்காவின் மேற்குப் பகுதிச் சுரங்கங்களில் ஆயிரக்கணக்கில் செத்தன. அதற்கப்புறம்தான் குளத்துக்கு வலை போடுவது, மூடி வைப்பது எல்லாம் வந்தது.

இந்த மலையில் இன்னும் மிச்சமிருப்பதாகக் கணக்குப் போட்டிருக்கிற தங்கம், ஒரு டன் கல்லுக்கு அரை கிராம்தான். நம்ம ஊர்க் கணக்கில் சொல்கிறேன். ஒரு பவுன் எட்டு கிராம். அப்படியானால் பதினாறு டன் கல். கரையாமல் தங்கிவிடுவதையும் சேர்த்தால் இருபது டன்னுக்குக் குறையாது. ஒரு பவுன் மோதிரத்துக்கு ரெண்டு லாரி மலை! இது தவிர, தங்கமே இல்லாமல் வழியில் குறுக்கே நிற்கிற பாறை வேறு. முதல் சுற்றில் இங்கே எடுத்தது பன்னிரண்டு லட்சம் அவுன்ஸுக்கு மேல், அதாவது நாற்பத்தைந்து லட்சம் பவுனுக்கும் அதிகம். எத்தனை லாரி என்று நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள். எனக்குத் தலை சுற்றுகிறது.

2001ல் தங்கம் விலை ஒரு அவுன்ஸ் முந்நூறு டாலருக்குக் கீழே கிடந்தது. கட்டுப்படியாகவில்லை என்று தோண்டுவதை நிறுத்தினார்கள். அதே 2001, பிப்ரவரி 28ல்தான் நம் கோலார் தங்கவயலையும் மூடினார்கள். வட ஆர்க்காட்டிலிருந்து போய் மூன்று தலைமுறையாகப் பூமிக்கடியில் இறங்கின தமிழ்க் குடும்பங்களைக் கேட்டால் தெரியும், சுரங்கம் மூடுவது என்றால் என்னவென்று. வேலை போனது ஒரு பக்கம். ஊருக்கு நடுவே குன்று குன்றாகக் கிடக்கிற சயனைடு மண் இன்னொரு பக்கம். காற்றடித்தால் அந்தத் தூள் சாப்பாட்டுத் தட்டில்.

* * *

ஆச்சா? இப்போது முடி வைத்தியத்துக்கு வருவோம்.

காஸில் மவுண்டனில் ஒரு நல்ல காரியம் செய்தார்கள். குழி வரப்போகிற இடத்தில் இருந்த யுக்கா, கள்ளி, ஜோஷுவா மரம் போன்றவற்றைப் புல்டோஸருக்குக் கொடுக்காமல் தோண்டி எடுத்து, சுரங்கத்துக்குள்ளேயே ஒரு நர்சரி போட்டு வைத்தார்கள். பின்னால் நடுவதற்கு! அந்தச் செடிகள் வருஷா வருஷம் எப்படி இருக்கின்றன என்று விஞ்ஞானிகள் கணக்கெடுத்துக் கட்டுரையே எழுதினார்கள். கல்யாணத்துக்குச் சத்திரம் காலி பண்ணும்போது பெரியவர்களைப் பத்திரமாகப் பக்கத்து வீட்டில் உட்காரவைக்கிற மாதிரி.

கள்ளியையும் ஜோஷுவா மரத்தையும் இடம் மாற்றும்போது முதலில் அதன் வடக்குப் பக்கத்தில் ஒரு அடையாளம் கட்டுவார்கள். புது இடத்தில் நடும்போதும் அந்தப் பக்கம் வடக்கேதான் பார்க்கவேண்டும். இத்தனை வருஷமாக நிழலிலேயே இருந்த தோல் திடீரென்று தெற்கு வெயிலைப் பார்த்தால் வெந்துவிடும். வாஸ்து மனுஷனுக்கு மட்டும்தான் என்று நினைத்தேன்.

ஆனால் செடியைக் காப்பாற்றுவது கால்வாசி வேலைதான். மீதி முக்கால்வாசி மண்.

பாலைவனத்தில் உயிரெல்லாம் மேல்மண்ணின் சில அங்குலத்தில். விதை அங்கேதான் தூங்குகிறது. வேரோடு ஒட்டி வாழ்ந்து தண்ணீரும் சத்தும் உறிஞ்சிக் கொடுக்கிற பூஞ்சையும் அங்கேதான். அந்த மண்ணைத் தனியாக வழித்து எடுத்துவைத்துக் கடைசியில் மேலே பரப்பவேண்டும். அதிலும் ஒரு சங்கடம். உயரமாகக் குவித்துப் பல வருஷம் வைத்தால் உள்ளே இருக்கிற விதையும் பூஞ்சையும் செத்துப்போகும். மண் இருக்கும், உயிர் இருக்காது.

அப்புறம் சாய்வைக் குறைத்து, சயனைடு கல்லைக் கழுவி, லாரி ஓடி ஓடிக் கெட்டியான தரையைக் கொழுப் போட்டுக் கிளறி, மழைத்தண்ணீர் தங்கச் சின்னச் சின்னக் குழி பறித்து, செத்த புதரை நட்டுவைக்கவேண்டும். செத்த புதர் எதற்கு என்கிறீர்களா? காற்றைத் தடுக்க. அதன் காலடியில் மண்ணும் விதையும் வந்து சேரும், நிழலில் ஈரம் தங்கும். சாதாரணமாகவே இங்கே குழந்தை ஜோஷுவா மரம் தனியாக வளராது. ஏதாவது ஒரு புதரின் மடியில்தான் முளைக்கும். அந்தப் புதரே நர்ஸம்மா.

கடையில் விதை வாங்கி இறைத்துவிட்டுப் போகவும் முடியாது. அக்கம்பக்கத்துச் செடியின் விதைதான் அந்த மண்ணுக்கும் குளிருக்கும் பழக்கப்பட்டது. அந்த விதைகளோ மகா உஷார். லாஸ் வேகாஸ் பக்கம் வருஷம் முழுக்கப் பெய்கிற மழையே சுமார் நாலு அங்குலம். சென்னையில் ஐப்பசி அடைமழை ஒரே ராத்திரியில் கொட்டுகிற அளவு. அதனால் பல செடிகளின் விதை, தன் மேலே முளைப்பைத் தடுக்கிற ரசாயனம் ஒன்றைப் பூசிக்கொண்டு படுத்திருக்கும். சும்மா ஒரு தூறலுக்கெல்லாம் எழுந்திருக்காது. அந்தப் பூச்சு கழுவிப்போகிற அளவுக்கு நல்ல மழை பெய்தால்தான் கண்ணைத் திறக்கும். இங்க்ரிமென்ட் ஆர்டரைக் கையில் பார்த்தால் ஒழிய நம்பாத சீனியர் கிளார்க் மாதிரி!

இத்தனையும் செய்தபின் முயல் வந்து மென்றுவிட்டுப் போகாமல் இருக்க ஒவ்வொரு கன்றுக்கும் கம்பி வலைக் கூண்டு. முதல் வருஷம் ரெண்டு வருஷம் தண்ணீர். அப்புறம் அதன் தலையெழுத்து.

* * *

செடி வைத்தாயிற்று, மிருகம்? அதற்கு நோட்டீஸ் அனுப்ப முடியாது. இடம் சரியாக இருந்தால் தானே வரும்.

முதலில் வருகிறவர் கங்காரு எலி. பின்னங்காலால் தாவுகிற சின்ன எலி. ஆயுசு முழுக்கத் தண்ணீரே குடிக்காமல் வாழத் தெரிந்தவர். விதை செரிக்கும்போது உடம்புக்குள் உண்டாகிற தண்ணீரே அவருக்குப் போதும். விதையைக் கன்னப் பையில் அடைத்துக்கொண்டு போய் அங்கங்கே புதைத்து வைப்பார். புதைத்த இடம் சிலது மறந்துபோகும். மறந்தது மழையில் முளைக்கும். சம்பளம், டி.ஏ. எதுவும் இல்லாத தோட்டக்காரர்! ஜோஷுவா மரத்தின் விதையைப் பரப்புவதும் இப்போது எலியும் அணிலும்தான்.

அந்த விதை உண்டாவதே தனிக் கதை. ஜோஷுவா மரத்துக்குத் தேனீ, வண்டு எல்லாம் பிரயோஜனம் இல்லை. யுக்கா அந்து என்று ஒரு சின்னப் பூச்சி மட்டும்தான் மகரந்தம் சேர்க்கும். பெண் அந்து ஒரு பூவில் மகரந்தத்தை உருட்டிக்கொண்டு போய், இன்னொரு பூவுக்குள் முட்டையிட்டு, மகரந்தத்தை அங்கே அழுத்தி வைத்துவிட்டு வரும். புழு கொஞ்சம் விதையைத் தின்னும், மீதியை மரத்துக்கு விட்டுவிடும். மரம் இல்லாவிட்டால் அந்து இல்லை. அந்து இல்லாவிட்டால் மரத்துக்கு வாரிசு இல்லை. ஆக, நீங்கள் ஆயிரம் ஜோஷுவா மரம் நட்டாலும், அந்தப் பூச்சி வந்து சேராதவரை அது தோப்பு இல்லை, ஷோ கேஸ்.

விழுந்து செத்த ஜோஷுவா மரத்தையும் அப்புறப்படுத்தக் கூடாது. அந்தக் கட்டைக்கடியில் ஒரு சின்னப் பல்லி இனம் குடும்பம் நடத்துகிறது. பழைய சுரங்கத்து வாயை கான்க்ரீட் போட்டு அடைக்காமல், வௌவால் மட்டும் நுழைகிற மாதிரி கம்பிக் கிராதி வைக்கிறார்கள். மனிதன் தோண்டி விட்டுப்போன ஓட்டைதான் சில வௌவால் இனங்களுக்கு இப்போது வீடு.

பாலை ஆமைதான் இருப்பதிலேயே பெரிய மனிதர். 1990லிருந்து அழியும் ஆபத்தில் உள்ள இனங்களின் பட்டியலில் இருக்கிறார். வாழ்நாளில் பெரும்பகுதி வளைக்குள்தான். தண்ணீரைச் சிறுநீர்ப் பையில் சேமித்து வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் ஓட்டுவார். பிரியமாகத் தூக்கினால் பயத்தில் அத்தனையையும் விட்டுவிடுவார். அப்புறம் அடுத்த மழை வரை தாகம்; சில சமயம் மரணம். முட்டையிடும் வயசுக்கு வரவே பதினைந்து, இருபது வருஷம். ஓர் இடத்தில் ஆமை அழிந்து, மறுபடி தானாகப் பெருகி நிரம்ப எத்தனை காலம் ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். ஒரு சுரங்கக் கம்பெனி பிறந்து, லாபம் பார்த்து, கைமாறி, மூடுவதற்குள் ஒரு ஆமை வயசுக்கு வராது.

* * *

இங்கேதான் கதையில் ஒரு திருப்பம்.

1994ல் இந்தப் பக்கத்துப் பாலைவனத்தை மொஹாவி தேசியப் பாதுகாப்பு நிலமாக அறிவித்தபோது, சுரங்கம் ஓடிக்கொண்டிருந்ததால் காஸில் மவுண்டன்ஸை மட்டும் விட்டுவிட்டார்கள். 2016 பிப்ரவரியில் ஜனாதிபதி ஒபாமா அதையும் தேசிய நினைவுச் சின்னமாக அறிவித்தார். சுமார் இருபத்தோராயிரம் ஏக்கர். அரிய புல்வெளி, ஜோஷுவா தோப்பு, மலை ஆடு, பொன்னிறக் கழுகு எல்லாம் இருக்கும் இடம். ஆனால் சுரங்க நிலத்தை மட்டும் நடுவில் சேர்க்கவில்லை. மேப்பில் பார்த்தால் அசல் மெதுவடை. சுற்றிலும் வடை, நடுவில் ஓட்டை. அந்த ஓட்டைக்குள்தான் தங்கம்.

தங்கம் விலை ஏறியது. 2020ல் ஒரு அவுன்ஸ் இரண்டாயிரம் டாலரைத் தாண்டியது. அதே வருஷம் சுரங்கத்தை மறுபடி திறந்தார்கள். முதலில் எதை அள்ளினார்கள் தெரியுமா? முன்பு தோண்டின குழி ஒன்றில் திருப்பிக் கொட்டி நிரப்பியிருந்த கல்லையே! அன்றைக்கு வேண்டாத கல், இன்றைய விலையில் தங்கக் கல். 2024 ஆகஸ்டில் தோண்டுவதை மறுபடி நிறுத்தினார்கள். குவித்த கல்லிலிருந்து தங்கம் வடிப்பதை நிறுத்தவில்லை. இன்னும் பெரிதாகத் தோண்ட அனுமதி கேட்டு மனு.

தோண்டுகிறவர்களைத் திட்டி எழுத எனக்கு யோக்யதை கிடையாது. உலகத்திலேயே தங்கத்தை அதிகம் வாங்குகிற தேசங்களில் நம்முடையது ஒன்று. போன மாசம்கூட ஒரு கல்யாணத்துக்கு அரைப் பவுன் வைத்துக் கொடுத்தேன். அதாவது ஒரு லாரி மலை. ஆனால் அங்கே நின்றபோது ஒன்று உறைத்தது. தங்கத்துக்குக் காலண்டர் பத்து வருஷம், இருபது வருஷம். விலை ஏறும், இறங்கும், மறுபடி ஏறும். மண்ணின் தோலுக்குக் காலண்டர் நூறு வருஷம். அங்கே செடி நட்டவர்களும், ஆராய்ந்தவர்களும் சிரத்தையாகத்தான் செய்தார்கள். அடியில் அரை கிராம் மிச்சமிருக்கிறது என்று தெரிந்த மண்ணை யாராவது நூறு வருஷம் தூங்க விடுவார்களா என்பதுதான் கேள்வி. "அப்புறம் சரிபண்ணிக் கொடுத்துடறோம்" என்கிற வார்த்தையில் அந்த 'அப்புறம்' எப்போது ஆரம்பிக்கிறது என்று யாரும் எழுதுவதில்லை.

சட்டமும் சும்மா இல்லை. கலிஃபோர்னியாவின் தெற்குக் கோடியில், கெச்சான் பழங்குடியினர் புனிதமாக நினைக்கிற நிலத்தில் ஒரு தங்கச் சுரங்கம் வரப்போக, பெரிய எதிர்ப்பு. 2003 வாக்கில், புதிய திறந்தவெளி உலோகச் சுரங்கங்கள் முடிவில் குழியை நிரப்பியே ஆகவேண்டும் என்று விதி கொண்டுவந்தார்கள். கம்பெனி சர்வதேச நடுவர் மன்றம் வரை போனது. 2009ல் தோற்றது. குழியை மூடுகிற செலவையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் சில தங்கம் தங்கமே இல்லை என்று ஆகிவிடுகிறது.

* * *

திரும்பும் வழியில் ஸெர்ச்லைட்டில் ஒரு சாப்பாட்டுக் கடை. பக்கத்து மேஜையில் எழுபதைத் தாண்டிய ஒரு தொப்பிக்காரர். என் காலில் ஷூவுக்குப் பதில் ரகுவின் பாத்ரூம் செருப்பைப் பார்த்துவிட்டு, "சோயாவா?" என்றார். பேச்சு பிடித்துக்கொண்டது.

அவர் ஒரு தொண்டர். மேற்கே ஸீமா டோம் என்கிற இடத்தில் 2020 ஆகஸ்டில் மின்னல் விழுந்து பற்றின தீயில் நாற்பத்து மூவாயிரம் ஏக்கர் எரிந்தது. போன ஜோஷுவா மரங்கள் சுமார் 13 லட்சம் என்று மதிப்பிட்டார்கள். 2023ல் நியூயார்க் மலைப் பக்கம் இன்னொரு தீ. இன்னும் பெரிது, தொண்ணூறாயிரம் ஏக்கருக்கு மேல். முன்பெல்லாம் இங்கே தீ பரவாது. செடிக்கும் செடிக்கும் நடுவில் வெறும் மண்தானே? இப்போது வெளிநாட்டிலிருந்து வந்து சேர்ந்த புல், அந்த இடைவெளியில் முளைத்துக் காய்ந்து திரியாகிவிட்டது. கிளறிப்போட்ட மண் என்றால் அந்தப் புல்லுக்குக் கொண்டாட்டம்.

எரிந்த இடத்தில் ஜோஷுவா கன்று நட இவர்கள் போனார்கள். வண்டி போகக் கூடாத இடம். அதனால் கன்றுகளைச் சுமக்க ஒட்டகம் கொண்டுவந்தார்களாம்! அமெரிக்கப் பாலைவனத்தில் ஒட்டகம்! நான் சிரித்தேன். அவரும் சிரித்தார். நட்டதில் பெரும்பாலானது பிழைக்கவில்லை என்றார் அப்புறம். அந்த இரண்டு வருஷமும் மழை கழுத்தறுத்துவிட்டது.

"ரூட் சொல்லுங்கள், என் வாசகர்கள் வருவார்கள்" என்றேன். அவர் சொன்னதை அப்படியே தருகிறேன். மழை பெய்தால் மண் சாலையில் இறங்காதீர்கள். ஏற்கெனவே உள்ள டயர் தடத்தை விட்டு ஓரடி விலகாதீர்கள். தண்ணீர் ஆளுக்கு நாலு லிட்டர். செல்போன் பேசாது. ஆமையைத் தூக்காதீர்கள், காரை நிறுத்தினால் எடுப்பதற்கு முன் அடியில் குனிந்து பாருங்கள், நிழலுக்கு வந்து படுத்திருக்கும். சிப்ஸ் பாக்கெட்டைப் போடாதீர்கள். குப்பைக்கு அண்டங்காக்கை வரும், காக்கை குட்டி ஆமையைக் கொத்தும்.

ரகு கேட்டான்: "ஸார், நீங்க நட்ட கன்று பூ விடறதுக்கு எத்தனை வருஷம் ஆகும்?"

"பல பத்து வருஷம்."

"அப்போ நீங்க..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டான். நல்ல பையன்.

அவர் காபியைக் குடித்து முடித்தார். தொப்பியைப் போட்டுக்கொண்டார். "அது பூக்கிறதைப் பார்க்கறது என் வேலை இல்லை தம்பி. போன வாரக் காத்துல நாலஞ்சு கூண்டு சாஞ்சிருக்கு. ராத்திரி முயல் வர்றதுக்குள்ள போய்க் கட்டணும்" என்றார்.

வெளியே அவருடைய டிரக்கின் பின்னால் ஒரு சுருள் கம்பி வலையும், ஆறு கேன் தண்ணீரும் இருந்தன.